பேசியவர்கள் பட்டியலும் நடக்காத பீரியடுகளும்

தமிழ்நாட்டில் அரசு உயர்நிலைப்பள்ளி என்றால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. பிளஸ் ஒன் வந்துவிட்டால் அது மேல்நிலைப்பள்ளி. மாவட்டத் தலைநகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர்களில் இருக்கும் உயர்நிலைப்பள்ளிகளில் பலவற்றில் வகுப்புக்கு ஒரு பிரிவுதான் இருக்கும். ஒரு தலைமையாசிரியர், தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் உடற்கல்வி ஆசிரியர். அவ்வளவுதான் பள்ளி.

இங்கே ஒரு கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய்விட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். நாளுக்கு எட்டு பீரியடு, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு வகுப்புக்கு 40 பீரியடு. ஐந்து முக்கியப் பாடங்களுக்குத் தலா ஏழு போக, மிச்சம் ஐந்து விளையாட்டு, ஓவியம், நூலகம் என்று போகும். ஐந்து வகுப்புக்கும் பாடம் எடுக்கிற ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு வாரம் 35 பீரியடு. அவர் மூச்சு விடவும் நோட்டுத் திருத்தவும் இருப்பது வெறும் ஐந்து. கணக்கு ஆசிரியர் போனதும் 35 பீரியடு அநாதையாகிறது. மீதி நால்வரும் தங்கள் ஓய்வுப் பீரியடு அனைத்தையும் கொடுத்தாலும் 20தான் அடையும். தலைமையாசிரியர் ஐந்தை எடுத்துக்கொண்டால்கூட வாரத்துக்குப் பத்து, அதாவது நாளுக்கு இரண்டு பீரியடு, யாரும் இல்லாமல் கிடக்கும். இது எல்லோரும் ஒரு நாள்கூட லீவு போடாத, பயிற்சிக்குப் போகாத, காலியான பீரியடும் ஓய்வான பீரியடும் ஒன்றோடொன்று பொருந்திவருகிற கற்பனை வாரத்தின் கணக்கு. நிஜ வாரம் இதைவிட மோசம்.

அந்த இரண்டு பீரியடுக்கு வகுப்பில் யார் இருக்கிறார்கள்? லீடர் இருக்கிறார்.

"சத்தம் வராம பார்த்துக்கோ" என்பதுதான் உத்தரவு. கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே "பேசியவர்கள்" என்று எழுதி, கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மூன்றாம் முறைக்கு இன்னொன்று. மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் சில பெயர்கள் அழிக்கப்படும். ஏன் அழிக்கப்பட்டன என்பது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், ஆசிரியருக்கு மட்டும் தெரியாது. ஒரு பேனா, அரை தேன்மிட்டாய், அடுத்த தெருக்காரன் என்கிற பாசம், சில ஊர்களில் சாதி. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் தலைமை என்பதன் அன்றாட முகம் இதுதான். ஆசிரியர் காலியிடத்தின் மலிவான மாற்று அது. ஆகவே மாணவர் தலைமையைப் பற்றிப் பேச வேண்டுமானால் பணி நியமனத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இதை எதிர்பார்க்காமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 26, ஒரு பள்ளியில் ஆசிரியர் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான், என்றாலும் உயர்நிலைப்பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அதற்குள் வந்துவிடுகிறது. ஐந்து ஆசிரியர் பணியிடம் உள்ள பள்ளியில் ஒரே ஒரு காலியிடம் என்றால் 20 விழுக்காடு. சிறிய பள்ளியில் ஒருவர் ஓய்வு பெற்ற மறுநாளே சட்டம் மீறப்பட்டுவிடுகிறது. மாநில அளவில் காலியிடம் சில விழுக்காடுதான் என்று சொல்லப்படும்போது இந்த ஐந்து பேர் பள்ளியின் கணக்கு அதற்குள் கரைந்துபோகும்.

அந்த ஒரு இடம் நிரம்ப ஏன் இவ்வளவு நாள்? பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் இரண்டு வழியாக நிரம்புகின்றன. ஒரு பகுதி இடைநிலை ஆசிரியர்களின் பதவி உயர்வு, மறு பகுதி ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நேரடி நியமனம். நேரடி நியமனத்தின் வாசலில் 2011 நவம்பர் முதல் தகுதித் தேர்வு நிற்கிறது. எல்லோர் வாயிலும் அது டெட். 150 மதிப்பெண்ணுக்குப் பொதுப்பிரிவினர் 90 எடுக்க வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014இல் அது 82 ஆகக் குறைக்கப்பட்டது. 2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி என்றிருந்ததை மூன்று மணி நேரமாக்கி, அக்டோபரில் மறுதேர்வு வைக்க வேண்டியதாயிற்று.

பிறகு டெட் மதிப்பெண்ணோடு பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்து வெயிட்டேஜ் போட்டார்கள். எந்த ஆண்டில் பிளஸ் டூ படித்தார் என்பதைப் பொறுத்து மதிப்பெண் ஏறும் இறங்கும் என்பதால், பழைய ஆட்களுக்கு அது அநியாயமாகப் பட்டது, வழக்குகள் வந்தன. 2018 ஜூலையில் அரசாணை 149. டெட் வெறும் தகுதி, வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. 2013இல் டெட் தேறி வேலைக்குக் காத்திருந்தவர்கள் இன்னொரு தேர்வா என்று தெருவுக்கு வந்ததில் வியப்பில்லை. அந்த அரசாணைப்படி பட்டதாரி ஆசிரியர்களுக்கான போட்டித் தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்றுதான் நடந்தது. அரசாணைக்கும் தேர்வுக்கும் நடுவில் ஐந்தரை ஆண்டு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்து வெளியே போய்விடுகிற காலம் அது.

தேர்வு அறிவிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள படிகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாமதம் ஒரே இடத்தில் இல்லை. ஆகஸ்டு 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம். எங்கே உபரி, எங்கே தேவை என்று பார்த்து, உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்குப் பணிநிரவல். அதன் பிறகு எஞ்சுவதே காலியிடம். அதற்கு நிதித்துறை ஒப்புதல் வேண்டும். பிறகு வாரியம் அறிவிக்கும். தேர்வு, விடைக்குறிப்பு, அதற்கு ஆட்சேபணை, முடிவு, சான்றிதழ் சரிபார்ப்பு. அடுத்து 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று பார்க்கிற இனச்சுழற்சி, அதற்குள் பெண்களுக்கும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உரிய ஒதுக்கீடு. கடைசியில் கலந்தாய்வு. ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு விடையும் சரி என்று யாராவது நீதிமன்றம் போனாலும் பட்டியல் முழுக்க நிற்கும்.

கலந்தாய்வு வரிசையும் தொலைதூரப் பள்ளிக்குச் சாதகமாக இல்லை. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கான மாறுதல் கலந்தாய்வு முடிந்து, ஊருக்குப் பக்கத்து இடங்கள், மெயின் ரோட்டுப் பள்ளிகள் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதே புதியவர்களுக்கு. தெற்கு மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம்தான் கிடைக்கும். வந்து சேர்ந்த நாளிலிருந்தே அவர் மனசு சொந்த மாவட்டத்துக்கான மாறுதலில் இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. வயதான பெற்றோரும் பிள்ளைகளும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கு அதன் பொருள், மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை முதலிலிருந்து தொடங்குவது.

இதில் கண்ணுக்குத் தெரியாத காலியிடங்கள் தனி. ஓர் ஆசிரியர் வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ மாற்றுப்பணியில் போனால் சம்பளம் இங்கேதான், பதிவேட்டில் இடம் நிரம்பியிருக்கிறது. மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். வேண்டிய விடுப்பு, ஆனால் அந்த ஓராண்டுக்குப் பல பள்ளிகளுக்கு மாற்று ஆள் வருவதில்லை. விடுப்பில் இருப்பவர் உரிமையை எடுத்துக்கொள்கிறார். ஏற்பாடு செய்யாதது நிர்வாகம். பள்ளிகளின் விவரங்களைப் பதிகிற அரசின் எமிஸ் இணையதளத்தில் பார்த்தால் எல்லா இடமும் பச்சை. கல்வி அலுவலகத்துக்கு அந்தப் பள்ளியில் பிரச்சினையே கிடையாது.

இடைக்கால ஏற்பாடு இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர். 2022இல் இப்படி 13,331 பேரை எடுக்க அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். பிறகு 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 36,400 ரூபாய். ஆகவே தற்காலிகமாக வருபவர் பெரும்பாலும் அந்த ஊரிலேயே, பக்கத்து ஊரிலேயே பி.எட். முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர். அவர் வருவதில் இரண்டு நன்மை. பஸ்ஸை நம்பி இருக்க மாட்டார், பிள்ளைகளின் வீடு தெரியும். கேடு என்னவென்றால் நிரந்தர ஆள் வந்ததும் பாதிப் பாடத்தில் அவர் கிளம்ப வேண்டும். கணக்குக்கு ஆள் கிடைப்பதே கடினம். கிடைக்காத இடத்தில் அறிவியல் படித்தவர் கணக்கு எடுக்கிறார், எட்டாம் வகுப்புவரை சமாளிப்பார், பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் தடுமாறுவார்.

இப்படித் தற்காலிக ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நல்ல பழக்கத்தைச் சேர்க்கலாம். இங்கிலாந்தின் பல பள்ளிகளில் ஆசிரியர் நேர்காணலின் ஒரு பகுதியாக மாணவர் குழு ஒன்று விண்ணப்பதாரரிடம் கேள்வி கேட்கும். முடிவு தலைமையாசிரியருடையது, கருத்து பிள்ளைகளுடையது. மையமாக நடக்கும் வாரியத் தேர்வில் இதற்கு இடமில்லை. தற்காலிக ஆசிரியருக்கு ஒரு மாதிரி வகுப்பு வைத்தால் இடம் உண்டு. எட்டாம் வகுப்பில் இருபது நிமிடம் பின்னக் கணக்கு நடத்தச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா? சந்தேகம் கேட்கவிட்டாங்களா? கடைசி பெஞ்சைப் பார்த்தாங்களா?" என்று மூன்று கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்களுக்கு விண்ணப்பதாரரின் சான்றிதழைவிட இந்தச் சீட்டு அதிகம் சொல்லும்.

பதவி உயர்வுப் பக்கத்திலும் அடைப்பு. பணியில் இருப்பவர்கள் பதவி உயர்வுக்கு டெட் தேற வேண்டுமா என்ற வழக்கு நெடுநாள் ஓடியது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும், அதற்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு கிடையாது என்றது. பள்ளி மட்டத்தில் இதன் விளைவு எளிமையானது. தலைமையாசிரியர் நாற்காலி காலியானால் மூத்த பட்டதாரி ஆசிரியர் பொறுப்பு தலைமையாசிரியர் ஆகிறார். அவருடைய 35 பீரியடும் இனி அரைகுறை.

இப்போது மாணவர் தலைமைக்கு வரலாம். 2024 நவம்பர் 14 அன்று மகிழ் முற்றம் என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் ஹவுஸ் முறை தொடங்கப்பட்டது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழு, குழுவுக்கு மாணவத் தலைவர்கள், பொறுப்பாசிரியர். தனியார் பள்ளிகளில் ரோஜா, மல்லி, அல்லது நாலு நிறம் என்று இருந்ததைத் திணைப் பெயரோடு அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம்தான். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே குழுவில் கலக்கும்போது ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி தெரிந்தவளாகிறாள். ஆனால் ஐந்து குழுவுக்கு ஐந்து பொறுப்பாசிரியர் வேண்டுமே. மூன்று பேர் இருக்கிற பள்ளியில் ஒருவர் முல்லைக்கும் நெய்தலுக்கும் சேர்த்துப் பொறுப்பு. போட்டி நாளன்று அவரே நடுவர். சாரணர் படை, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். பயிற்சி பெற்ற அந்த ஓர் ஆசிரியர் மாறுதலில் போனதும் சீருடைகள் பீரோவுக்குள் போய்விடும்.

யார் தலைவர் என்பது சில ஊர்களில் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, இருக்கை பெயர் அகர வரிசைப்படி, அந்த வட்டாரத்தில் ஆதிக்கமாக உள்ள சாதிக்காரரைத் தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ போடக்கூடாது, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சமூகநீதி பற்றிய அவர்களின் மனப்பான்மையையும் வாரியம் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. மாணவர் தலைமையையும் ஆசிரியர் நியமனத்தையும் ஒரே மேசையில் வைத்த அரசு ஆவணங்கள் அரிது, இது அவற்றில் ஒன்று. நடைமுறைச் சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது: நாலு விடையில் ஒன்றைக் கருப்படிக்கிற தாளில் மனப்பான்மை தெரியாது. எல்லோருக்கும் எது சரியான விடை என்று தெரியும்.

பள்ளி தன் கையால் செய்யக்கூடியது மாணவத் தலைவர் தேர்தல். இதை ஜூன் முதல் வாரமே நடத்திவிடுகிற பள்ளிகள் தவறு செய்கின்றன. மாறுதல் ஆணைகள் முடிந்திராது, தேர்தல் நடத்திய ஆசிரியர் அடுத்த மாதம் இருக்க மாட்டார். ஜூலை நடுவில் வைப்பது மேல். ஆறு முதல் பத்து வரை எல்லோருக்கும் வாக்கு. பள்ளித் தலைவர் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வரட்டும். பத்தாம் வகுப்பை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஸ்பெஷல் கிளாஸ் விழுங்கிவிடும். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று வைத்தால், பெண் தலைவருக்குக் கோலமும் ஆரத்தித் தட்டும், ஆண் தலைவருக்கு மைக்கும் என்று பிரியாமல் வாரம் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கை தூக்கி வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம். யார் யாருக்குத் தூக்கினான் என்பது பள்ளி விட்டதும் தெருவில் விசாரிக்கப்படும். பழைய தேர்வுத்தாளின் பின்பக்கத்தை எட்டாகக் கிழித்து, சின்னம் வரைந்து, அட்டைப்பெட்டியில் போட்டால் போதும். 180 வாக்கை ஒரு பீரியடுக்குள் எண்ணிவிடலாம், கணக்கு ஆசிரியர் இல்லாத பீரியடு எப்படியும் காலிதான்.

தேர்தலைவிட முக்கியம், தலைவர் எதைச் செய்யக்கூடாது என்பதை எழுதி ஒட்டுவது. பிரம்பு எடுக்கக்கூடாது, நோட்டுத் திருத்தக்கூடாது, ஆசிரியர்களுக்கு டீ வாங்கப் போகக்கூடாது, கழிப்பறை கழுவவோ கழுவ வைக்கவோ கூடாது, பேசியவர்கள் பட்டியல் எழுதக்கூடாது. செய்ய வேண்டியவை: காலை வணக்கக் கூட்டம், குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது, சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்படாமல் பார்ப்பது, பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடுகிற மாணவர் மனசு பெட்டியை மாதம் ஒருமுறை தலைமையாசிரியர் முன்னிலையில் திறக்கும்போது உடன் நிற்பது.

கரும்பலகைப் பட்டியலுக்குப் பதிலாக ஒரு நோட்டு. தேதி, வகுப்பு, எத்தனையாவது பீரியடு, பாடம், காரணம் என்று ஐந்து கட்டம். காரணத்துக்கு நாலே சொல்: காலியிடம், விடுப்பு, பயிற்சி, மாற்றுப்பணி. ஆசிரியர் பெயர் எழுதக்கூடாது. எழுதினால் முதல் வாரமே நோட்டு காணாமல் போகும். ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எப்படியும் எழும், "பசங்க நம்மள வேவு பார்க்கிறாங்களா" என்று. தலைமையாசிரியர் அதை முன்கூட்டியே கூட்டத்தில் பேசி, வெள்ளிக்கிழமைதோறும் தானே கையெழுத்துப் போட்டால்தான் அடங்கும். மாதக் கடைசியில் கூட்டல் போட்டு, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவத் தலைவர் வாசிக்க வேண்டும்: எட்டாம் வகுப்புக் கணக்கு, நடந்திருக்க வேண்டியது 28, நடக்காதது 11, அதில் காலியிடத்தால் 8, பயிற்சியால் 3. தீர்மானத்தில் இந்த எண்களை அப்படியே ஏற்றி மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். "ஆசிரியர் தேவை" என்ற வெறும் தீர்மானம் எல்லாப் பள்ளியிலிருந்தும் வருகிறது. மாற்றுப்பணியில் போன ஆளால் எத்தனை பீரியடு போயிற்று என்பது எமிஸில் எந்தக் கட்டத்திலும் வராது. அது இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கும்.